டல்லாஸிலிருந்து எடிசனுக்குக் காரில் குடிபெயர்கிறோம்: கைத்துப்பாக்கியை எப்படி எடுத்துச் செல்வது?

பிளேனோவாசி:
அனைவருக்கும் வணக்கம். வேலை மாற்றத்தின் காரணமாக வரும் சனிக்கிழமை அதிகாலையில் டல்லாஸிலிருந்து நியூஜெர்சியின் எடிசனுக்குப் புறப்படுகிறோம். சாமான்கள் லாரியில் போகின்றன. நானும் மனைவியும் நான்கு வயது மகளும் காரில் மூன்று நாள் பயணமாக வருகிறோம். என்னிடம் ஒன்பது மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி ஒன்று இருக்கிறது. டெக்சாஸில் அதற்கு உரிமம் தேவையில்லை என்பதால் இதுவரை நான் அதைப் பற்றிப் பெரிதாக யோசித்ததில்லை. நேற்று அலுவலகத்தில் ஒருவர், நியூஜெர்சிக்குள் அதைக் கொண்டுபோனால் நேராகச் சிறைதான் என்று சொன்னார், அப்போதிருந்து உறக்கமில்லை. காரில் அதை எங்கே வைக்க வேண்டும், வழியில் விடுதியில் தங்கும்போது என்ன செய்ய வேண்டும்? வீட்டைக் காலி செய்யும் தேதியை இனி மாற்ற முடியாது. தயவுசெய்து விரைவாகச் சொல்லுங்கள்.

ஓக்லஹோமா மாமா:
தம்பி, பதற வேண்டாம். நான் 2003இல் டல்சாவில் வந்து இறங்கியபோது என்னிடம் காரும் இல்லை, குளிருக்கு ஒரு நல்ல கோட்டும் இல்லை. நான்கு பேர் தங்கியிருந்த வீட்டில் முதல் மாதமே திருடன் புகுந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த பிரஷர் குக்கரைக்கூட விட்டுவைக்காமல் எடுத்துப்போனான். அன்றிலிருந்தே துப்பாக்கி வாங்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. கிரீன் கார்டு வந்த பிறகுதான் வாங்கினேன். இருபது ஆண்டுகளாக எங்கே போனாலும் அது காரிலேயே இருக்கிறது, யாரும் கேட்டதில்லை. ஓட்டுநர் உரிமத்தைப் போலத்தான் இதுவும். ஒரு மாநிலத்தில் செல்லுபடியானால் மற்ற மாநிலத்திலும் செல்லும்.

ரேரிட்டன் கரை:
மாமா, மன்னிக்கவும், ஓட்டுநர் உரிமத்தோடு இதை ஒப்பிடுவதுதான் மக்களைச் சிறைக்கு அனுப்புகிறது. 2013இல் பென்சில்வேனியாவில் முறையான உரிமம் பெற்றிருந்த ஒரு பெண், பாலத்தைக் கடந்து நியூஜெர்சிக்குள் வந்தபோது, தடம் மாறி ஓட்டியதற்காகக் காவலர் அவரை நிறுத்தினார். துப்பாக்கி இருக்கிறது என்று அவரே நேர்மையாகச் சொன்னார், அங்கேயே கைது. குறைந்தபட்சம் மூன்றரை ஆண்டு பரோலின்றிச் சிறையில் இருக்க வேண்டிய குற்றச்சாட்டு அது. கடைசியில் 2015இல் ஆளுநர் மன்னிப்பு வழங்கித்தான் வழக்கின் சுமை நீங்கியது.

டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல் உரிமமின்றிக் கைத்துப்பாக்கியை ஏந்திச் செல்லலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சலுகை மாநில எல்லையோடு முடிந்துவிடுகிறது. எல்லைகளைக் கடப்பவர்களுக்கு இருக்கும் ஒரே குடை 1986ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம். புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் அந்தத் துப்பாக்கியைச் சட்டப்படி வைத்திருக்க உங்களுக்கு உரிமை இருக்க வேண்டும். அதில் தோட்டா நிரப்பப்பட்டிருக்கக் கூடாது. துப்பாக்கியும் தோட்டாவும் பயணிகள் அமரும் பகுதியிலிருந்து கைக்கு எட்டக் கூடாது. அதாவது டிக்கிக்குள், பூட்டிய பெட்டியில் இருப்பதே நல்லது. தனி டிக்கி இல்லாத எஸ்யூவி என்றால் பூட்டிய பெட்டி கட்டாயம்; கிளவ் பாக்ஸையும் இருக்கைகளுக்கு நடுவே உள்ள பெட்டியையும் பூட்டினாலும் அவை கணக்கில் வாரா. பத்துக்கு மேற்பட்ட தோட்டாக்களைக் கொள்ளும் மேகசினை நியூஜெர்சிச் சட்டம் 2018 முதல் தடை செய்திருக்கிறது. டெக்சாஸ் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஒன்பது மில்லிமீட்டர் மேகசின்களில் பல அந்தக் கணக்கைத் தாண்டியவை. ஹாலோ பாயிண்ட் எனப்படும் முனை குழிந்த தோட்டாக்களுக்கும் இங்கே தனிக் கட்டுப்பாடு உண்டு. குடிவந்த 60 நாட்களுக்குள் துப்பாக்கி வைத்திருப்போருக்கான அடையாள அட்டைக்கு விண்ணப்பித்துத் துப்பாக்கியைப் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

விமானப் பயணி:
காரில் எதற்கு இத்தனை சிக்கல்? விமானத்தில் கொண்டுபோங்கள். தோட்டா நீக்கிய துப்பாக்கியைக் கடினமான, பூட்டிய பெட்டியில் வைத்து, கவுண்டரில் அறிவித்து, செக்-இன் சாமானாகக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. கைப்பையில் மட்டும் மறந்து வைத்துவிடாதீர்கள். அபராதம் ஆயிரக்கணக்கான டாலரில் போகும்.

ரேரிட்டன் கரை:
வேலை முடியாது, தொடங்கும். யூட்டாவிலிருந்து பென்சில்வேனியாவின் ஆலன்டவுனுக்குப் பயணம் செய்த ஒருவர் 2005இல் நியூவர்க்கில் அடுத்த பயணத்தைத் தவறவிட்டார். சாமானைக் கையில் வாங்கிக்கொண்டு இரவு விடுதியில் தங்கி, மறுநாள் காலை கவுண்டரில் விதிப்படி துப்பாக்கியை அறிவித்தவுடன் கைது செய்யப்பட்டார். பின்னர் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. அவர் இழப்பீடு கேட்டுத் தொடுத்த வழக்கிலோ, இரவு முழுவதும் பெட்டி அவர் கைக்கு எட்டும் நிலையில் இருந்ததால் 1986 சட்டத்தின் பாதுகாப்பு அவருக்குக் கிடைக்காது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. பிளேனோவாசி விடுதியைப் பற்றிக் கேட்டார் அல்லவா, அதற்கும் இதுவே எச்சரிக்கை.

ஸ்கார்பரோ சித்தி:
எடிசன் வந்தவுடன் எல்லாரும் முதல் நீண்ட வார விடுமுறையிலேயே நயாகராவுக்குப் புறப்பட்டு, அப்படியே டொராண்டோ உறவினர் வீட்டுக்கும் வருவீர்கள். கனடா எல்லைக்கு அந்தப் பொருளைக் கொண்டு வந்துவிடாதீர்கள். சுற்றுலாப் பயணி கைத்துப்பாக்கியோடு இங்கே நுழையவே முடியாது. காரின் மூலையில் மறந்து கிடந்தது என்று எல்லையில் சொன்னால் யாரும் சிரித்துவிட்டு அனுப்ப மாட்டார்கள்.

கோவைக்காரன்:
நான் கேட்பதைத் தவறாக எண்ணாதீர்கள், நமக்கு எதற்கு இது? எங்கள் ஊரில் பெரியப்பா தோட்டத்துக்கு ஒரு துப்பாக்கி வைத்திருந்தார். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு எத்தனை நடை, ஒவ்வொரு தேர்தலுக்கும் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கி, பிறகு திரும்பப் பெறுவதற்கு எத்தனை நடை! இங்கே வந்தவுடன் பொம்மை வாங்குவதைப் போல வாங்கிவிடுகிறோம். வாங்கச் சொல்லும் நண்பர்களில் ஒருவராவது சட்டத்தைச் சொல்வதில்லை.

ஓக்லஹோமா மாமா:
கோவைக்காரரே, திருடன் புகுந்த வீட்டில் ஒரு நாள் இருந்து பாருங்கள். முதல் ஆறு மாதம் நாங்கள் பட்ட பாடு இப்போது வருகிறவர்களுக்குத் தெரியாது.

ஹூஸ்டன் வாசகி:
எல்லாரும் பெட்டியையும் பூட்டையும் பற்றியே பேசுகிறோம். கேள்வி கேட்டவரிடம் யாரும் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். உங்கள் விசா என்ன? அந்தத் துப்பாக்கி உங்கள் கைக்கு எப்படி வந்தது?

பிளேனோவாசி:
ஹெச்-1பி. மனைவி ஹெச்-4. கிரீன் கார்டுக்காக நிறுவனம் போட்ட ஐ-140 மனு ஒப்புதலாகிவிட்டது. சென்ற ஆண்டு ஊரைவிட்டுப் போன ஒரு சக ஊழியரிடமிருந்து பணம் கொடுத்து வாங்கினேன். கடை வழியாக வாங்கவில்லை. டெக்சாஸில் தனியாருக்குள் அப்படி வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் சொன்னார்கள்.

ஹூஸ்டன் வாசகி:
அப்படியென்றால் சனிக்கிழமைப் பயணத்தை விடுங்கள்; உங்கள் பிரச்சினை இப்போது உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. ஹெச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டமே தடுக்கிறது. மாநிலம் உரிமம் கேட்காததால் இந்தத் தடை நீங்கிவிடாது. கடையில் வாங்கியிருந்தால் 4473 என்ற படிவத்தில் இந்தக் கேள்வி வந்திருக்கும், அங்கேயே நின்றிருப்பீர்கள். தனியாரிடம் வாங்கியதால் கேட்க ஆளில்லாமல் போயிற்று. ஐ-140 இதில் உதவாது. கிரீன் கார்டு கையில் வரும்வரை நீங்கள் தற்காலிக விசாக்காரர்தான். மனைவிக்கும் அதே தடை இருப்பதால் அவர் பெயருக்கு மாற்றுவதும் வழியல்ல. 2022 முதல் இதற்கு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு. அதைவிட, துப்பாக்கிக் குற்றம் நாடுகடத்தலுக்குத் தனிக் காரணமாகும்.

புறப்படும் இடத்திலேயே உரிமை இல்லாதவருக்கு, ரேரிட்டன் கரை சொன்ன 1986 சட்டக் குடை விரியவே விரியாது.

ஓக்லஹோமா மாமா:
வேட்டை உரிமம் இருந்தால் ஹெச்-1பிக்காரரும் வைத்திருக்கலாம் என்று எங்கள் ஊர்த் துப்பாக்கிப் பயிற்சி ரேஞ்சில் சொல்வார்கள். நாளைக்கே ஒன்று எடுத்துவிட்டால் போதாதா, தம்பி?

ஹூஸ்டன் வாசகி:
அந்த விதிவிலக்கு உண்மையில் இருக்கிறது, மாமா. ஆனால் நாளை எடுக்கும் உரிமம் சென்ற ஆண்டிலிருந்து இன்றுவரை வைத்திருந்ததை மூடிவிடும் என்று வழக்கறிஞர் ஒருவர் சொல்லாதவரை நான் நம்ப மாட்டேன். பிளேனோவாசி, இன்றே குற்றவியலும் குடியேற்றச் சட்டமும் இரண்டும் தெரிந்த ஒரு வழக்கறிஞரை அழையுங்கள். அவரைக் கேட்காமல் துப்பாக்கியை நீங்களாக எங்கும் எடுத்துச் செல்லாதீர்கள், நண்பரிடம் கொடுத்து வைக்காதீர்கள், தூக்கியும் எறியாதீர்கள். இங்கே இனி விவரம் எழுதவும் வேண்டாம்.

பிளேனோவாசி:
வழக்கறிஞரிடம் பேசிவிட்டேன். அவர் சொன்ன முறைப்படி அது நேற்று வீட்டைவிட்டுப் போய்விட்டது; அவர் கேட்டுக்கொண்டதால் அதற்கு மேல் எழுதவில்லை. நாளை காலை புறப்படுகிறோம். ஒரு சந்தேகம் மட்டும்: தோட்டாப் பெட்டிகள் இரண்டு இருந்தன, மனைவி தெரியாமல் சமையல் பாத்திரங்களோடு சேர்த்துக் கட்டிவிட்டார். அந்த அட்டைப்பெட்டியைச் சாமான்காரர்கள் வந்து வாசலில் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

ஹூஸ்டன் வாசகி:
லாரியில் ஏற விடாதீர்கள். சாமான் நிறுவனங்கள் பொதுவாகத் தோட்டாவை ஏற்றுவதில்லை. தடையும் தோட்டாவுக்குச் சேர்த்துத்தான். பாத்திரங்களை வேறு பெட்டிக்கு மாற்றிவிட்டு, அந்த வழக்கறிஞரையே இப்போதே மறுபடியும் அழையுங்கள்.