ரேடியோலா 3: வால்வு எரிவதே தெரியவில்லை, சத்தமும் இல்லை

கேள்வி:
நண்பர்களே, ஆர்சிஏ நிறுவனத்தின் ரேடியோலா 3 என்ற பழைய ரேடியோ ஒன்று கைக்கு வந்திருக்கிறது. 1924-இல் வந்த மாடல், டபிள்யூடி-11 வால்வு (சிக்னலைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்) இரண்டு. வால்வின் இழையைச் சூடாக்கும் ஏ பேட்டரிக்கு 1.5 வோல்ட் பெரிய செல். வால்வின் பிளேட்டுக்கு (உள்ளே இருக்கும் தகடு) மின்சாரம் தரும் பி பேட்டரிக்கு 9 வோல்ட் பேட்டரி ஐந்தைத் தொடராகக் கோத்து 45 வோல்ட். ஹெட்போன் பழைய 2000 ஓம் வகைதான். ஏரியல், எர்த் எல்லாம் கொடுத்தாகிவிட்டது. ஆனால் ஒரு சத்தமும் இல்லை, வால்வு எரிவதும் தெரியவில்லை. ஏ பேட்டரியை 3 வோல்ட் ஆக்கிப் பார்க்கலாமா?

பதில்:
வேண்டவே வேண்டாம்! அந்த வால்வின் ஃபிலமென்ட்டுக்கு (சூடாகும் இழை) 1.1 வோல்ட், கால் ஆம்பியர்தான் கணக்கு. 3 வோல்ட் கொடுத்தால் போய்விடும், மாற்று கிடைப்பதும் அரிது. ஆக்சைடு பூசிய இழை என்பதால் மங்கிய சிவப்பாகத்தான் இருக்கும், பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. அறையை இருட்டாக்கிப் பாருங்கள். ரியோஸ்டாட்டை (இழைக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்) குறைந்த நிலையில் வைத்து, ஃபிலமென்ட் முனைகளில் மீட்டரைப் பிடித்தபடி மெதுவாக 1.1 வரை ஏற்றுங்கள். புது செல் 1.5-க்குச் சற்று மேலேயே காட்டும், அதனால் ரியோஸ்டாட்டை முழுக்கத் திறக்காதீர்கள்.

இவ்வளவு குறைந்த மின்சாரத்தில் ஓடுவதுதான் இந்த வால்வின் அருமையே. அதற்கு முந்தைய யுவி-201 வகைக்கு 5 வோல்ட், 1 ஆம்பியர் வேண்டும். அதாவது வீட்டுக்குள் அமில பேட்டரி. சாதாரண உலர் செல்லிலேயே ஓடும் வால்வு வந்த பிறகுதான் ரேடியோ நிம்மதியாக வரவேற்பறைக்குள் வந்தது.

கேட்டவர்:
நன்றி. இருட்டில் இரண்டும் லேசாகச் சிவக்கின்றன, 1.1 வோல்ட் இருக்கிறது. ஹெட்போனை இணைக்கும்போது ‘டக்’ என்கிறது. ஸ்டேஷன் மட்டும் வரவில்லை.

மற்றொரு பதில்:
‘டக்’ வந்தால் இரண்டாவது வால்வுக்கு பி பேட்டரி போய்ச் சேருகிறது என்று அர்த்தம். இனி முதல் வால்வின் பிளேட்டில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். பூஜ்யம் என்றால், இரண்டு வால்வுக்கும் நடுவே உள்ள ஆடியோ டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி (முதல் வால்வின் பக்கத்துச் சுருள்) அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். முடியைவிட மெல்லிய கம்பி, அதன் வழியே எப்போதும் டிசி ஓடும். கொஞ்சம் ஈரம் சேர்ந்தாலும் அரித்துவிடும். இந்தக் காலத்து செட்களில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். பேட்டரிகளைக் கழற்றிவிட்டு ஓம் மீட்டரில் சோதியுங்கள்.

கேட்டவர்:
பிளேட்டில் ஒன்றுமே இல்லை. பிரைமரி ஓபன், அதாவது அறுந்திருக்கிறது. செகண்டரி (இரண்டாவது வால்வின் பக்கத்துச் சுருள்) சில ஆயிரம் ஓம் காட்டுகிறது.

மற்றொரு பதில்:
செகண்டரி பிழைத்தது நல்லது, டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றவே வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மரின் பிளேட் முனைக்கும் பேட்டரி முனைக்கும் குறுக்கே 100 கிலோ ஓம் ரெசிஸ்டர். பிளேட் முனையிலிருந்து, இரண்டாவது வால்வின் கிரிட்டுக்கு (சிக்னல் நுழையும் கம்பிவலை) போகும் முனைக்கு 0.01 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர், 100 வோல்ட்டுக்கு மேல் தாங்குவதாக. பழைய வயர் எதையும் வெட்டாதீர்கள். நாளை யாராவது டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றிக் கொடுத்தால் இரண்டையும் எடுத்துவிட்டுப் பழையபடி ஆக்கலாம். டிரான்ஸ்ஃபார்மர் தரும் ஏற்றம் இல்லாததால் சத்தம் குறையும், ஏரியலை நீளமாகப் போடுங்கள்.

கேட்டவர்:
போட்டுவிட்டேன், பேசுகிறது! மெல்லிய சத்தம்தான், ஆனால் தெளிவாக இருக்கிறது. ரீஜெனரேஷன் (சிக்னலைத் திரும்ப உள்ளே செலுத்தி மேலும் பெருக்குவது) குமிழைத் திருகினால் ஒரு இடத்தில் கீச்சிடுகிறது.

பதில்:
கீச்சிடுவதற்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். அங்கேதான் சத்தம் அதிகம், ஸ்டேஷனும் நன்றாகப் பிரியும்.