கவுன்சலிங் சைக்காலஜி அஞ்சல் வழியில "ஒரே வருஷத்துல" முடிக்கலாமாம், முன்பணம் கட்டலாமா? (அரூர்)

அரூர் பொண்ணு
எல்லாருக்கும் வணக்கம். 2024ல பி.ஏ. வரலாறு முடிச்சேன். மூணு வருஷப் படிப்பு, தமிழ் வழி, 61 சதவீதம். இப்ப ஒரு தொண்டு நிறுவனத்துல களப்பணி. பத்தாவது, பதினொண்ணாவதுல நின்னுபோன பொண்ணுங்க வீட்டுக்குப் போய்ப் பேசித் திரும்ப பள்ளிக்கூடம் அனுப்பற வேலை. கவுன்சலரா ஆகணும்னு ஆசை. ஒரு காலேஜ்ல எம்.எஸ்சி.க்கு அப்ளை பண்ணேன், டிகிரியில சைக்காலஜி இல்லன்னு தள்ளிட்டாங்க.

கிருஷ்ணகிரியில ஒரு அட்மிஷன் சென்டர்ல, வெளிமாநில யுனிவர்சிட்டி, அஞ்சல் வழி எம்.எஸ்சி. சைக்காலஜி, ரெண்டு வருஷத்த ஒரே வருஷத்துல முடிச்சுத் தர்றோம்ங்கறாங்க. மொத்தம் 48,000. வெள்ளிக்கிழமைக்குள்ள 15,000 கட்டணுமாம். அப்பா ரெண்டு ஆட்ட வித்துப் பணம் கையில வெச்சிருக்கார். கட்டலாமா?

பாலக்கோடு தக்காளி
கட்டாதம்மா. சைக்காலஜிய அஞ்சல் வழியிலயும் ஆன்லைன்லயும் நடத்தக் கூடாதுன்னு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையில இருந்தே நிறுத்திடுச்சு. 2021ல வந்த இணை சுகாதாரப் பணியாளர் ஆணையச் சட்டத்துக்குக் கீழ சைக்காலஜி வருது, அதான் காரணம். ஏற்கெனவே சேர்ந்தவங்க முடிச்சுக்கலாம், புதுசா சேர முடியாது. அதுவும் மூணு வருஷ டிகிரிக்கு மேல எம்.எஸ்சி.ன்னா ரெண்டு வருஷம். அத ஒரு வருஷத்துல முடிச்சுத் தர்றேன்னு சொல்ற இடத்துல டீ கூட வாங்கிக் குடிக்காத.

அரூர் பொண்ணு
போன் பண்ணிக் கேட்டேன்ணா. "அதெல்லாம் புதுசா சேர்றவங்களுக்கு, உங்கள 2024 பேட்ச்லயே போட்டுடறோம்"னு சொல்றாங்க.

பாலக்கோடு தக்காளி
நல்லதாப் போச்சு, அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க. சேராத வருஷத்துல சேர்ந்ததாக் காட்டறது மோசடி. 2024 சேர்க்கையில இருந்து அஞ்சல் வழியில சேர்ற ஒவ்வொருத்தரும் யுஜிசி தளத்துல தானே டெப் ஐடி (அஞ்சல் வழி மாணவருக்கான அடையாள எண்) எடுக்கணும். உன்கிட்ட அப்ப எடுத்த ஐடி இருக்கா? இல்லல்ல? நாளைக்கு அரசு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்புல மாட்டப் போறது நீதான், அந்த சென்டர்காரன் இல்ல.

ஓசூர் நைட் ஷிப்ட்
தங்கச்சி, நான் பி.காம். முடிச்சுட்டு எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) சேர்ந்தவ. உன் வேலையப் பார்த்தா நீ தேட வேண்டியதும் அதுதான். பெரும்பாலான இடத்துல எந்த டிகிரி இருந்தாலும் எடுத்துக்குவாங்க. ரெண்டாவது வருஷம் மருத்துவம்-மனநலம்னு ஒரு பிரிவு எடுக்கலாம், கவுன்சலிங் அதுல நிறையவே வரும். ஆனா ரெகுலரா படி. வாரத்துல ரெண்டு நாள் களப்பணி, கூட ஒரு சூப்பர்வைசர், நீ எழுதற ரிப்போர்ட்ல சிவப்பு மையில கிறுக்கல்... எனக்கு வேலை கத்துக் கொடுத்தது அந்தக் கிறுக்கல்தான், கிளாஸ் ரூம் இல்ல.

பக்கத்துலன்னா தருமபுரி சோகத்தூர் டான் போஸ்கோ, திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி ரெண்டுலயும் கேட்டுப் பாரு. வீட்ட விட்டுப் போகலாம்னா திருவாரூர் மத்தியப் பல்கலை, ஸ்ரீபெரும்புதூர்ல ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம், மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம். மூணுக்கும் க்யூட் பி.ஜி.ங்கற முதுகலைப் பொது நுழைவுத் தேர்வு எழுதணும். 75 கேள்வி, சரிக்கு 4 மார்க், தப்புக்கு 1 போயிடும். சமூகப்பணிப் பேப்பர் இங்கிலீஷ், ஹிந்தியில மட்டும்தான், தமிழ்ல கிடையாது. இப்பவே இங்கிலீஷ் பேப்பர் வாசிக்க ஆரம்பிச்சுடு. 2024, 2025 ரெண்டு வருஷமும் பரீட்சை மார்ச்ல தொடங்குச்சு.

ஒண்ணு மட்டும் குழப்பிக்காத. எம்.எஸ்.டபிள்யூ. படிச்சா கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு போர்டு போட முடியாது. அதுக்கு ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) அங்கீகாரம் உள்ள படிப்பு வேற, பதிவு வேற. மனநல சமூகப்பணியில மேல போகணும்னா பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்துல மேற்படிப்பு இருக்கு.

அரூர் பொண்ணு
அக்கா, நன்றி. நாங்க எம்பிசி. அந்த ஜாதிச் சான்று இருக்கு, க்யூட்டுக்கு அதுவே போதுமா?

ஓசூர் நைட் ஷிப்ட்
போதாது, நானே இதுல ஒரு வருஷம் வழுக்கி விழுந்தேன். மத்திய நிறுவனத்துக்கு எம்பிசி, பிசி கணக்கு கிடையாது, ஓபிசிதான். உன் ஜாதி மத்தியப் பட்டியல்ல இருக்கான்னு பார்த்துட்டு, கிரீமி லேயர் (வசதியான பிரிவு) இல்லன்னு மத்திய அரசு படிவத்துல தாசில்தார் ஆபீஸ் சான்று வாங்கணும். இ-சேவையில போடலாம். பழசு செல்லாது, அந்தந்த நிதியாண்டுக்குக் கேப்பாங்க. நான் எம்பிசி அட்டைய அப்லோட் பண்ணிட்டு நிம்மதியாத் தூங்கினேன். சீட் ஒதுக்கற கவுன்சலிங் அன்னைக்கு ஜெனரல்ல தள்ளிட்டாங்க.

அரூர் பொண்ணு
சரிக்கா. ஒரு காலேஜ்ல "ஏன் இந்தப் படிப்பு"ன்னு ஒரு பக்கம் எழுதச் சொல்றாங்க. இப்படி ஆரம்பிச்சிருக்கேன்: "சிறு வயது முதலே சமுதாயத்திற்குச் சேவை செய்ய வேண்டும் என்ற உயரிய எண்ணம் என் உள்ளத்தில் வேரூன்றியிருந்தது..."

ரிட்டயர்டு வாத்தியார், காவேரிப்பட்டணம்
அம்மா, வந்த நூறு பேப்பர்ல தொண்ணூறு இப்படித்தான் இருக்கும். வேரூன்றினது இருக்கட்டும், போன வாரம் எந்த வீட்டுக்குப் போனீங்க? வாசல்ல யார் நின்னாங்க? அத எழுதுங்க.

அரூர் பொண்ணு
சார், ராத்திரி எழுதினேன். "மொரப்பூர் பக்கம் ஒரு வீடு. பதினொன்றாம் வகுப்போடு நின்ற பெண்ணைப் பார்க்க மூன்று முறை போனேன். மூன்று முறையும் அவளுடைய பாட்டிதான் பேசினார். நான்காவது முறை பாட்டி தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில், தாலிக்கு நகை செய்யக் கொடுத்தாகிவிட்டது என்று அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவளிடம் அடுத்து என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. குழந்தைகள் உதவி எண் 1098க்குத் தகவல் கொடுத்தேன், கல்யாணம் நின்றது. அதன் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. அந்த மௌனத்தை என்ன செய்வது என்று படிக்க வேண்டும்."

ரிட்டயர்டு வாத்தியார், காவேரிப்பட்டணம்
இதுல ஒரு வரி கூடத் தொடாதீங்க. ஊர்ப் பேர மட்டும் எடுத்துடுங்க, அந்தப் பொண்ண யாரும் அடையாளம் கண்டுபிடிக்கக் கூடாது.

அரூர் பொண்ணு
எடுத்துட்டேன் சார். இங்க போட்டதையும் எடுக்கச் சொல்லி அட்மின் அண்ணனுக்கு எழுதியிருக்கேன். சென்டர்காரங்க இன்னைக்கும் ரெண்டு தடவ கூப்பிட்டாங்க, எடுக்கல. பணம் அப்படியே இருக்கு, ஆடு மட்டும் போச்சு. ஓபிசிக்கு இ-சேவையில போட்டாச்சு. அதுல அப்பா பேரு "முனுசாமி"ன்னு வந்திருக்கு, பத்தாவது மார்க் ஷீட்ல "முனிசாமி". பரவாயில்லையா?

ஓசூர் நைட் ஷிப்ட்
பரவா இருக்கு! நாளைக்குக் காலையில முதல் வேலையா மார்க் ஷீட்ட எடுத்துக்கிட்டு இ-சேவைக்கு ஓடு. விண்ணப்பம் விஏஓ கிட்ட நிக்கும்போதே சொல்லிட்டா சுலபம், தாசில்தார் கையெழுத்து விழுந்துட்டா மறுபடி முதல்ல இருந்து.