மும்பைத் தமிழர் தளம்: ஆண்டுச் செலவுக்கு விளம்பரமா, சந்தாவா, நன்கொடையா?

செம்பூர்வாசி எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். மும்பையில் வாழும் தமிழர்களுக்காக 14 ஆண்டுகளாக நடந்துவரும் ஓர் இணையதளத்தை இப்போது நாங்கள் மூவர் கவனித்துக்கொள்கிறோம். மறுசீரமைப்புத் திட்டத்தில் வீடு பெற, தாராவியில் 1.1.2000-க்கு முன்பே குடியிருந்ததைக் காட்ட எந்தெந்தத் தாள்களைத் திரட்ட வேண்டும் என்பதில் தொடங்கி, மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளியில் படித்த பிள்ளையை அடுத்து எங்கே சேர்ப்பது என்பது வரை மக்கள் கேட்டதும் பதில் பெற்றதும் அங்கே சேர்ந்து கிடக்கின்றன.

தளம் இயங்கும் வாடகைக் கணினியான சர்வருக்கு மாதம் 24 டாலர், காப்புநகலுக்கு அதில் 20 விழுக்காடு, மொத்தத்தின் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி என ஆண்டுக்கு ஏறக்குறைய ₹36,000 ஆகிறது. தளத்தின் முகவரிகளான இரண்டு டொமைன் பெயர்களுக்கு ₹2,500, பாதுகாப்பான இணைப்புக்கான எஸ்எஸ்எல் சான்றிதழுக்கு ₹3,500, ஆக ₹42,000. இதுநாள்வரை தளத்தைத் தொடங்கியவரே கைக்காசைப் போட்டு வந்தார். அவர் ஓய்வுபெற்று அம்பாசமுத்திரத்துக்குப் போய்விட்டார். சென்ற ஜூனில் அவருடைய கார்டு காலாவதியானது. டொமைன் நிறுவனத்தின் நினைவூட்டல்களோ அவர் திறந்தே பார்க்காத ஒரு பழைய மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தன. தளம் நான்கு நாள் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் என் மனைவியின் கார்டில் பணம் கட்டி மீட்டோம்.

சந்தா என்று பேச்செடுத்ததும், "நாங்கள் எழுதியதைப் படிக்க நாங்களே காசு கொடுக்க வேண்டுமா?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. இதில் அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.

மாட்டுங்கா மளிகை எழுதியது:

ஐயா, கூகுள் விளம்பரத்தை ஒரு சமையல் தளத்தில் போட்டுச் சூடுபட்டவன் நான். அந்த விளம்பரங்களைத் தரும் ஆட்சென்ஸ் சேவை 2018 பிப்ரவரியில் தமிழை ஏற்றுக்கொண்டபோது பெரிதாக எதிர்பார்த்தோம். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். எங்களுக்கு அந்த நூறு சேர 19 மாதங்கள் பிடித்தன. அது போகட்டும் என்றாலும், எங்களோடு எழுதிவந்த ஓர் அம்மையாரின் மறைவுக்கு இரங்கல் தெரிவித்த பக்கத்தின் நடுவில் எடைகுறைப்பு மருந்து விளம்பரம் வந்து நின்றது. அவருடைய மகன் தொலைபேசியில் கூப்பிட்டு, சத்தம் போடாமல்தான் கேட்டார். அன்றைக்கே எடுத்துவிட்டோம்.

அதற்குப் பதிலாக, கிங்ஸ் சர்க்கிள் பக்கத்துப் பூக்கடை, மெஸ், வாடகைப் பாத்திரக் கடை என்று நான்கு பேரிடம் ஆண்டுக்கு ₹3,000 வீதம் கேளுங்கள். விழா மலருக்கு விளம்பரம் கேட்கப் போகும் அதே நடைதான். வீட்டுத் தரகர்களை மட்டும் சேர்க்காதீர்கள். தாராவி மறுசீரமைப்பைப் பற்றி மக்கள் கேட்கும் இடத்தில் தரகர் பலகை தொங்கினால், நல்ல எண்ணத்தோடு பதில் சொல்பவரையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

முலுண்டு சர்வர்காரன் எழுதியது:

வரவைத் தேடுமுன் செலவைப் பார்ப்போம். எஸ்எஸ்எல் சான்றிதழுக்கு ₹3,500 கொடுப்பதை உடனே நிறுத்துங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை 2015 முதல் இலவசமாகவே தருகிறது, தானாகப் புதுப்பிக்கும்படி ஒருமுறை அமைத்துவிட்டால் போதும்.

அடுத்தது சர்வர். எழுத்தைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் ஆகும். "தமிழ்" என்ற சொல்லே த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடாகி 15 பைட். அப்படியிருந்தும், 500 குறியீடுகள் கொண்ட பதிவுகள் பத்து லட்சம் இருந்தால்கூட மொத்தம் 1.5 ஜிபிதான் வரும். ஆகவே உங்கள் சர்வரின் சேமிப்பிடத்தை நிரப்புவது எழுத்தாக இருக்காது. நாள்தோறும் ஏற்றப்படும் காலை வணக்கப் படங்களாக இருக்கும். அவற்றைச் சுருக்கிச் சேமிக்க ஏற்பாடு செய்யுங்கள்.

யார் யார் வந்துபோனார்கள் என்று குறித்துவைக்கும் சர்வரின் பதிவேட்டையும் ஒருமுறை திறந்து பாருங்கள். செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் தானியங்கி நிரல்கள் இரவு பகலாகப் பழைய பக்கங்களை வாரிக்கொண்டு போகின்றன. 2024 ஜனவரிக்குப் பிறகு படங்களையும் காணொளிகளையும் தரவிறக்கும் போக்குவரத்து 50 விழுக்காடு கூடிவிட்டதாக, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவே 2025-இல் எழுதியது. என் நண்பர் ஒருவரின் தளத்தில் அவற்றைத் தடுத்த மறுநாளே சுமை பாதியானது. அப்படிக் குறைந்தால் இப்போதுள்ள 24 டாலர், 4 ஜிபி சர்வரை விட்டு 12 டாலர் விலையுள்ள 2 ஜிபிக்கு நீங்கள் இறங்கலாம். ஆண்டுக்கு ₹36,000 என்ற அந்தச் செலவு ₹18,000 ஆகிவிடும்.

கார்டு விஷயத்தில் உங்கள் பெரியவரைக் குறை சொல்ல முடியாது. கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி வகுத்துள்ள விதிகளால், வெளிநாட்டு நிறுவனங்களின் கட்டணம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோவதுண்டு. டாட் காம் பெயரை 10 ஆண்டுகள் வரை முன்கூட்டியே கட்டி வைக்கலாம். சர்வர் போனால் காப்புநகலிலிருந்து எழுப்பிவிடலாம். பெயர் கைமாறிப் போனால் திரும்பக் கிடைக்காது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நன்கொடை வாங்குவதானால் இரண்டு எச்சரிக்கைகள். உங்கள் உறுப்பினர்களில் வெளிநாட்டில் இருப்பவர்களும் உண்டு என நினைக்கிறேன். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர் துபாயில் இருந்துகொண்டு தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பினால் பிரச்சினை இல்லை. கனடாவில் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால், அவரிடம் இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், வெளிநாட்டுப் பணத்தைக் கட்டுப்படுத்தும் 2010-ஆம் ஆண்டு எஃப்சிஆர்ஏ சட்டத்தின்படி அது அரசின் அனுமதி இல்லாமல் வாங்கக் கூடாத வெளிநாட்டுப் பங்களிப்பு. பாசத்தோடு அனுப்பினாலும் பணிவோடு மறுத்துவிடுங்கள்.

பதிவுசெய்த சங்கமாக மாறலாமே என்று யாராவது சொல்வார்கள். ஏழு பேர் சேர்ந்து விண்ணப்பித்து, மகாராஷ்டிரத்தில் பொது அறக்கட்டளைச் சட்டத்தின் கீழும் வந்து, அறநிலைய ஆணையரிடம் ஆண்டுதோறும் கணக்குக் காட்டி, தணிக்கையாளருக்கும் கட்டணம் கொடுப்பதற்கு உங்கள் செலவுத் தொகையே போதாது. நன்கொடைக்கான வருமான வரி விலக்கைக் காட்டி நன்கொடையாளரை இழுக்கலாம் என்றால், புதிய வரிமுறைக்கு மாறியவர்களுக்கு அந்த விலக்கே கிடையாது. தனி வங்கிக் கணக்கு ஒன்று, அதற்கு ஒரு யுபிஐ, மாதாமாதம் வரவுசெலவைத் தளத்திலேயே போடுவது. இந்த அளவுக்கு இது போதும்.

சயான் நெல்லைக்காரன் எழுதியது:

எங்கள் ஊரில் அம்மன் கொடை விழாவுக்குக் குடும்பக் கணக்கில் தலைக்கட்டு வரி போடுவார்கள். வரி கொடுக்காதவனைக் கோயிலுக்குள் விடமாட்டோம் என்று யாரும் சொல்வதில்லை; ஆனால் செலவு இவ்வளவு, தலைக்கட்டு இத்தனை, ஆளுக்கு இவ்வளவு என்று முதலிலேயே தெரிந்துவிடும். தளத்துக்கும் அப்படியே செய்யலாம். சர்வர்காரர் சொன்னபடி செலவு ₹20,500-க்கு இறங்கினால், 41 பேர் ஆளுக்கு ₹500 கொடுத்தால் தீர்ந்தது. "இயன்றதைக் கொடுங்கள்" என்று கேட்டால் ஒருவரும் கையை எடுக்கமாட்டார்கள்; "இன்னும் 17 பேர் வேண்டும்" என்று கேட்டால் அடுத்தவர் கொடுப்பார். கொடுத்தவர் பெயரைக் கொடை விழாவில் வாசிப்பதுபோல் வாசித்தும் விடலாம்.

"எழுதியதைப் படிக்கக் காசா" என்று கேட்டவருக்கு, படிப்பதற்கு அன்று, பாதுகாத்து வைப்பதற்கு என்று சொல்லுங்கள்.

செம்பூர்வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பதிவேட்டைத் திறந்து பார்த்தேன்; முலுண்டு நண்பர் சொன்னது உண்மைதான், நேற்றைய வருகையில் பாதிக்குமேல் மனிதர்களே இல்லை.

நெல்லைக்கார அண்ணாச்சியின் யோசனையை ஏற்கிறோம், பெயர் வாசிப்பதைத் தவிர. எங்கள் தளத்தில் அதிகம் கேட்பவர்கள் பெரும்பாலும் கொடுக்க முடியாதவர்கள். பட்டியலில் தம் பெயர் இல்லையே என்று கேள்வி கேட்கத் தயங்கினால் தளம் இருந்தும் பயனில்லை. எத்தனை பேர் கொடுத்தார்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் காட்டுவோம். மாட்டுங்கா அன்பர் சொன்ன நான்கு கடைகளை இந்த ஆண்டு மட்டும் கேட்டு, வரும் ₹12,000-ஐ அப்படியே டொமைனுக்கு முன்பணமாகக் கட்டுவதாக இருக்கிறோம்.

அம்பாசமுத்திரத்துக்கும் பேசினேன். டொமைனை எங்கள் பெயருக்கு மாற்றித் தர அவருக்கு முழுச் சம்மதம். பழைய மின்னஞ்சலின் கடவுச்சொல்தான் நினைவில்லை, பேத்தி வந்ததும் பார்க்கிறேன் என்கிறார். சர்வர் மாற்றத்தைச் சனிக்கிழமை இரவு 11 மணிக்குத் தொடங்குகிறோம். முலுண்டு நண்பர் அன்று கொஞ்சம் விழித்திருந்தால் உதவியாக இருக்கும்.