கெட்டுப்போன முடிக்கு விலை குறைந்த கண்டிஷனர்: போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

தாம்பரம் வாசி:
கல்யாணத்துக்காக பார்லரில் ஸ்ட்ரெயிட்னிங், அப்புறம் வீட்டிலேயே கலரிங், அதற்கு மேல் எங்கள் போர் தண்ணீர். தோளுக்குக் கீழே சீப்பே இறங்காது. பார்லர் அக்கா ஹேர் ஸ்பா பேக்கேஜ் ஒன்றைச் சொன்னார். அந்தக் காசில் மளிகைச் சாமானே வாங்கிவிடலாம் என்று கிளம்பி வந்துவிட்டேன். தெருமுனைக் கடையில் ஷாம்பு பாக்கெட் சரத்துக்குப் பக்கத்தில் தொங்குமே, அந்தக் கண்டிஷனர் பாக்கெட்டை வாங்கிப் போட்டுப் பார்த்தேன்.

முதல் தடவையே சிக்கு எடுப்பது சுலபமாகிவிட்டது. சீப்போடு அறுந்து வரும் முடியும் குறைந்தது. ஆனால் பிளந்த நுனி பிளந்ததுதான். வெளியே நீண்டு தொங்கும் முடிக்கு உயிர் கிடையாது, அது தானாக ஆறவும் செய்யாது. 'டேமேஜ் ரிப்பேர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் நடப்பது பெரும்பாலும் மேல்பூச்சுதான்.

அந்தப் பூச்சைக் கேவலமாகவும் நினைக்க வேண்டாம். கலரிங் செய்து கெட்ட முடியில் எதிர்மின்னூட்டம் அதிகம். கண்டிஷனரில் உள்ள பெஹென்ட்ரிமோனியம் குளோரைடு, செட்ரிமோனியம் குளோரைடு போன்றவற்றுக்கு நேர்மின்னூட்டம். அதனால் எந்த இடம் அதிகம் கெட்டிருக்கிறதோ, அங்கேதான் அதிகம் ஒட்டும். பாட்டிலின் பின்பக்கம் இவற்றில் ஒன்றும், கூடவே செட்டைல் ஆல்கஹாலோ செட்டியரைல் ஆல்கஹாலோ இருந்தால் தைரியமாக வாங்கலாம். (ஆல்கஹால் என்றதும் பயம் வேண்டாம். இது மெழுகுப் பதத்தில் இருக்கும் கொழுப்பு வகை, முடியை வறளவிடாது.) டைமெத்திகோன் என்ற சிலிகானும் இருந்தால் வழவழப்பு கூடும். பிராண்ட் பெயர் சொல்லாததற்குக் காரணம், கடையில் இருக்கும் பலவற்றில் இதே சரக்குதான். விலை ஏற ஏற வாசனை ஏறுகிறது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வித்தியாசம்.

ஷாம்புவை அலசியதும் முடியில் இருக்கும் தண்ணீரைப் பிழிந்துவிட வேண்டும். சொட்டச் சொட்ட இருந்தால் பூசியதெல்லாம் வழிந்து போய்விடும். காதுக்குக் கீழே மட்டும் தடவி, அகலப் பல் சீப்பால் நுனியில் ஆரம்பித்து மேலே போக வேண்டும். வேர் வரை தேய்த்தால் மறுநாளே தலை பிசுபிசுக்கும்.

கோவைச் சுருட்டை:
தண்ணீரையும் கணக்கில் எடுங்கள். ஊரில் சிறுவாணித் தண்ணீரில் எந்தக் கண்டிஷனர் போட்டாலும் முடி பேசாமல் இருந்தது. வேலைக்காகச் சென்னை ஹாஸ்டலுக்கு வந்தேன், அதே பாட்டில், அதே கை, தலை மட்டும் சொரசொரப்பு. உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் முடிமேல் படிந்துவிடுகின்றன. இப்போது கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீர் ஒரு சொம்பு. ரூம்மேட் முறைக்கிறாள், பரவாயில்லை.

மதுரை மீனா:
எங்கள் வீட்டில் சீயக்காயைச் சோறு வடித்த கஞ்சியில் கரைத்துத்தான் தேய்ப்போம், அந்த வழவழப்பிலேயே சிக்கு விட்டுவிடும். கண்டிஷனர் என் மகள் வாங்கி வந்தது. போட்டுப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய் வைப்பதை நான் விடவில்லை. அதிலுள்ள லாரிக் அமிலம் முடிக்குள்ளேயே இறங்கும் என்றும், அலசும்போது முடியின் புரதம் குறைவாகவே வெளியேறும் என்றும் 2003இல் வந்த ஆய்விலேயே இருக்கிறது. பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் ஆயிலில் அது நடக்கவில்லை. நுனி பிளந்திருந்தால் கத்தரிதான் வழி, தங்கச்சி. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு செ.மீ. வளரும், வெட்டியது வந்துவிடும்.

தாம்பரம் வாசி:
நன்றி அக்கா. நாலு விரற்கடை வெட்டியாயிற்று. வெட்டிய பிறகு பாதிப் பாக்கெட்டே போதுமாக இருக்கிறது, மீதியைக் கிளிப் போட்டு வைத்திருக்கிறேன்.