மாம்பழத்தின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தோம்

காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் ஊர். மகன் பிளஸ் ஒன் படிக்கும்போது முகத்தில் பரு வர ஆரம்பித்தது. பெண் பிள்ளையாக இருந்திருந்தால் அப்போதே கவனித்திருப்பேன். "வயசுப் பரு, தானா போயிடும், ஆம்பளப் பையனுக்கு என்ன" என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். நானும்தான் சொன்னேன். அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

ஒருநாள் துவைக்கப் போட அவன் தலையணை உறையை உருவினேன். கன்னம் படுகிற இடத்தில் கடுகு கடுகாக ரத்தப்பொட்டு, சுற்றிலும் மஞ்சளாகக் காய்ந்த சீழ். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தவன் வெடுக்கென்று பிடுங்கினான். "விடும்மா, நானே துவைச்சுக்கிறேன்." இடது பக்கம் சாய்ந்து படுக்கவே முடியாத வலி என்று அன்றைக்குத்தான் வாய் திறந்தான்.

அப்போது தோப்பில் பெங்களூரா மாங்காய் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. "மாம்பழச் சூடு" என்றார் மாமியார். பழத்தை நிறுத்தினோம். எலுமிச்சைச் சாறு தடவினோம். தடவிய இடம் எரிந்து கறுத்ததுதான் மிச்சம். கடைசியில் மெடிக்கலில் கேட்டேன். "இதைப் போடுங்கக்கா, மூணு நாள்ல அமுங்கிடும்" என்று ஒரு ட்யூப் எடுத்துக் கொடுத்தார். சொன்ன மாதிரியே மூன்று நாளில் வீக்கமும் சிவப்பும் அடங்கிவிட்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் நிறுத்தினால் நாலாம் நாள் இரண்டு பங்காக வரும், மறுபடி போடுவோம். இப்படியே இரண்டு மாதம் போனது. வெயிலில் போய் வந்தால் மிளகாய் அரைத்துப் பூசியது போலக் கன்னம் எரிகிறது என்பான். தாடை முழுக்க ஒரே அளவில் சின்னச் சின்னக் கொப்புளம் வேறு.

கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அழைத்துப் போனேன். அந்த டாக்டரம்மா முதலில் கேட்டது, "என்ன போட்டீங்க, ட்யூப் இருக்கா?" என்றுதான். பார்த்ததும் ஸ்டீராய்டு என்றார். 2018-லேயே இந்த மாதிரி ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அரசு உத்தரவு வந்துவிட்டதாம்.

அவர் சொன்ன விளக்கம் இதுவரை எனக்கு யாரும் சொல்லாதது. இந்த வயதில் ஹார்மோனால் தோலுக்கு அடியில் எண்ணெய் அதிகம் சுரக்கும். செத்த தோல் சேர்ந்து துவாரத்தின் வாயை அடைக்கும். உள்ளே தேங்கிய எண்ணெயில் கிருமி பெருகும், உடம்பு அதோடு சண்டை போடும். சிவப்பு, வலி, சீழ் எல்லாம் அந்தச் சண்டைதான். ஸ்டீராய்டு சண்டையை மட்டும் அமுக்கும். எண்ணெய், அடைப்பு, கிருமி மூன்றும் அப்படியே இருக்கும், தோல் மட்டும் மெலிந்துகொண்டே போகும். பிதுக்கினால் வெளியே வருவது கொஞ்சம்தான், உள்சுவர் உடைந்து மீதி உள்ளுக்குள் பரவும். குழி விழுவது அதனால்தான்.

மாம்பழத்தைப் பற்றியும் கேட்டேன். "பழம் சாப்பிடட்டும்மா. தோப்புல காய் பறிக்கிறானா?" என்று அவனைத் திரும்பிப் பார்த்தார். காம்பு ஒடித்த காயிலிருந்து வரும் பால் கையில் பட்டு, அந்தக் கையால் முகத்தைத் தொட்டால் தனியாகவே புண்ணாகுமாம். தாடையோரம் கோடு கோடாக இருந்த பொருக்கு அதுதான்.

ட்யூப்பை நிறுத்தியதும் பரு மறுபடி கிளம்பும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். கிளம்பத்தான் செய்தது. அந்தப் பதினைந்து நாள் அவன் பள்ளிக்கூடம் போகவில்லை. மென்மையான சோப்பு, மாய்ஸ்சரைசர், கிருமியை அடக்க டாக்சிசைக்ளின் மாத்திரை. மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு நிறையத் தண்ணீரோடு போட்டு, உடனே படுக்கக் கூடாது. தோல் கொஞ்சம் தேறியபின் பூசுவதற்குக் காலையில் 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு, இரவில் 0.1 சதவீத அடாபலின், முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு. வலி தாங்காத நாளில் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிச் சில நிமிஷம் வைப்போம். (பென்சாயில் பட்டால் துணி வெளுத்துவிடும். எங்கள் வீட்டு நீலத் துண்டு முழுக்க வெள்ளைத் திட்டு.)

எட்டு வாரம் வரை பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் மாதம் முடியும்போது புதுசாக வருவது நின்றது. இடது கன்னத்தில் இரண்டு குழி இருக்கிறது.

*

அக்கா, உங்கள் மகன் கதையைப் படித்தேன். நான் தருமபுரி. எனக்கு 26 வயதில் தாடையில் கட்டி கட்டியாக வந்தது, மாதவிலக்கு நெருங்கினால் கூடுதலாக. மாத்திரை எதற்கும் அடங்காததால், கடுமையான பருவுக்குத் தரும் ஐசோட்ரெடினாயின் மாத்திரையை எழுதினார் டாக்டர். அதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனை, அதோடு "கல்யாணம் எப்போ?" என்று நேராகக் கேட்டார். அந்த மாத்திரை போடும் காலத்திலும் நிறுத்தி ஒரு மாதம் வரைக்கும் கரு தரிக்கவே கூடாது, குழந்தைக்கு ஊனம் வரலாம் என்றார். எனக்கு அப்போதுதான் நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டில் எப்படிச் சொல்வது என்று அம்மா இரண்டு நாள் தூங்கவில்லை. நானே மாப்பிள்ளைக்கு போன் செய்து உள்ளதைச் சொன்னேன். "தேதியைத் தள்ளி வைக்கலாம், நீங்க மாத்திரையை முடிங்க" என்றார். உதடு வெடித்து ரத்தம் வந்த அந்த மாதங்களில், பார்க்க வரும்போதெல்லாம் அவர் வாங்கி வந்தது வாசலினும் வெண்ணெயும்தான்.