புதுப்பிப்பு: ஏஐஎக்ஸ்எம் 5.1.1 கோப்பில் வான்வெளி இடம் மாறித் தெரிவது

ஏஐஎக்ஸ்எம் (வான்வழித் தகவல்களைப் பரிமாறும் எக்ஸ்எம்எல் வடிவம்) கோப்பைத் திறந்தால், பிராங்க்பர்ட் வான்வெளி வரைபடத்தில் சோமாலியாவில் போய் விழுகிறது என்று ஓர் இழையில் கேட்டிருந்தார்கள். விடை: அச்சு வரிசை, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை இவற்றில் எது முதலில் என்பது. எஸ்ஆர்எஸ்நேமில் (எந்த ஆயமுறை என்று சொல்லும் பண்பு) இபிஎஸ்ஜி 4326 என்ற ஆயமுறைக் குறியீடு யூஆர்என் வடிவில் (‘urn:’ என்று தொடங்கும் பெயராக) இருந்தால் அட்சரேகைதான் முதலில் வரும்: 50.03 8.57. சிஆர்எஸ்84 என்ற குறியீடு என்றால் நேர்மாறு. பல வரைபட மென்பொருள்கள் இதைப் பார்க்காமல் தீர்க்கரேகையை முதலில் எடுத்துக்கொள்கின்றன. தயவுசெய்து கோப்பில் எண்களை இடம் மாற்றாதீர்கள், அடுத்துப் பெறுபவருக்குத் தரவே தவறாகிவிடும். எஸ்ஆர்எஸ்நேமைப் படித்து வரிசையை முடிவு செய்யும்படி நிரலைத் திருத்துங்கள்.

டிஜிட்டல் நோட்டாம் (ஓடுபாதை மூடல் போன்றவற்றை விமானிகளுக்குச் சொல்லும் அறிவிப்பின் தரவு வடிவம்) ஒன்றை ரத்து செய்வது பற்றியும் கேட்டிருந்தார்கள். அதிலுள்ள டெம்ப்டெல்டாவை (தற்காலிக மாற்றத்தைச் சொல்லும் பதிவு) நீக்கக் கூடாது. அதே சீக்வென்ஸ் எண்ணோடு புதிய டைம்ஸ்லைஸ் (குறிப்பிட்ட காலத்துக்கான தரவுத் துண்டு) அனுப்புங்கள். கரெக்‌ஷன் எண்ணில் 1 கூட்டுங்கள். வேலிட்டைமை (செல்லுபடிக் காலம்) வெறுமையாக விட்டு, நில்ரீசனில் (வெறுமைக்கான காரணம்) ‘இன்அப்ளிக்கபிள்’ (பொருந்தாது) என்று இடுங்கள். கரெக்‌ஷன் எண்ணைக் கூட்டாவிட்டால் பழைய அறிவிப்பே செல்லும் என்று பெறும் அமைப்பு நினைக்கலாம். திறந்த ஓடுபாதை மூடியதாகவே காட்டும்.