ஃபேக்டரிபாட்டில் ஒரே கிளையைப் பகிர்வது எப்படி?

வணக்கம் நண்பர்களே. பிரிக்ஃபீல்ட்ஸிலும் பட்டர்வொர்த்திலும் கிளை உள்ள ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு ரெயில்ஸில் (ரூபி மொழியில் வலைச் செயலி எழுத உதவும் கட்டமைப்பு) ஆர்டர் செயலி எழுதுகிறேன். டெஸ்ட் டேட்டாவுக்கு ஃபேக்டரிபாட், அதாவது 2017 வரை ஃபேக்டரிகேர்ல் என்று இருந்ததுதான்.

ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு மேசை, ஒரு பணியாளர். இரண்டுமே ஒரு கிளையைச் சேர்ந்தவை. ஆர்டர் ஃபேக்டரியை, அதாவது டெஸ்டுக்கு மாதிரி ஆர்டரை உருவாக்கித் தரும் வரையறையைக் கூப்பிட்டால் மேசைக்கு ஒரு கிளை, பணியாளருக்கு வேறொரு கிளை என்று இரண்டு உருவாகிவிடுகின்றன. பட்டர்வொர்த் பணியாளர் பிரிக்ஃபீல்ட்ஸ் மேசைக்கு ஆர்டர் எடுப்பதுபோல ஆகிவிடுகிறது. சேமிக்கும் முன் தரவைச் சரிபார்க்கும் என் வேலிடேஷன் தடுக்கிறது. அது தடுப்பது சரிதான்.

சரி என்று, ஆர்டர் ஃபேக்டரியில் கிளையை ஒரு டிரான்சியன்ட் மதிப்பாக (ஃபேக்டரிக்குள் மட்டும் பயன்படும், ஆர்டரில் சேராத மதிப்பு) வைத்து, மேசைக்கும் பணியாளருக்கும் அதையே கொடுத்தேன். அருமையாக ஓடியது. ஆனால் ஒரு டெஸ்டில் நானே ஒரு மேசையைக் கொடுத்தால், பணியாளருக்கு மட்டும் புதுக் கிளை வந்துவிடுகிறது. அப்புறம் கிளையை மேசையிலிருந்து எடுக்கச் சொன்னேன். மேசை கொடுத்தால் சரியாக வருகிறது. எதையும் கொடுக்காதபோது மேசை கிளையைக் கேட்கிறது, கிளை மேசையைக் கேட்கிறது. இப்படி முடிவில்லாமல் மாறி மாறிக் கூப்பிட்டு, கடைசியில் ஸ்டாக் (அழைப்புகளை வைத்திருக்கும் நினைவகம்) நிரம்பி நின்றுவிடுகிறது.

இருக்கிற கிளையையே தேடி எடுக்கும்படி ஃபேக்டரியை மாற்றலாம் என்றார் ஒரு நண்பர். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. எல்லா டெஸ்டிலும் ஒரே கிளைதான் இருக்கும் என்றால், ஒரு கிளையின் ஆர்டர் மற்றதில் தெரிந்துவிடும் பிழையை எப்படிப் பிடிப்பது?

மேசை, பணியாளர், கிளை ஆகியவற்றில் எதைக் கொடுத்தாலும் மற்றவை அதே கிளையில் அமைய, நீங்கள் ஃபேக்டரியை எப்படி எழுதுகிறீர்கள்?